அமெரிக்கப் புரட்சிப் பாடமும் நம் வரலாற்று ஆசிரியர்களுக்கான பயிற்சியும்

மதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராக 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் ‘புரட்சிகளின் காலம்’ என்னும் பாடத்தில் அமெரிக்க விடுதலைப் போர் இடம்பெற்றுள்ளது. அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு அதற்கென்று ஒரு நாள் பயிற்சிகூட என் பணிக்காலத்தில் கிடைத்ததில்லை. இன்று பணியில் இருக்கும் என் முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் அவர்களும் அதையே சொல்கிறார்கள். அமெரிக்க விடுதலை அறிக்கை வெளிவந்து 2026 ஜூலை 4ஆம் நாளோடு 250 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதை ஒட்டியாவது நம் கல்வித்துறை இதைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு என் வகுப்பறையில் நடந்த ஒன்றையே முதலில் சொல்லிவிடுகிறேன். 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்ட நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தபோது, “டீச்சர், கிழக்கிந்தியக் கம்பெனி டீத்தூள்னா அது நம்ம நாட்டுலேர்ந்து போனதா?” என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். நான் சற்றும் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது தவறு என்பது எனக்குத் தெரியவர ஆறு ஆண்டுகள் ஆயின. கொட்டப்பட்டது சீனத் தேயிலை. நம் நாட்டில் வணிக நோக்கில் தேயிலை பயிராகத் தொடங்கியதே 1830களில்தான். அதற்குள் ஆறு வகுப்புப் பிள்ளைகள் என் தவறான விடையைச் சுமந்துகொண்டு பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். அந்த மாணவி கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. தேயிலை நம் நாட்டுடையது அன்று என்றாலும், அந்தத் தேயிலை பாஸ்டனுக்குப் போக நேர்ந்த காரணத்தில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. வங்கத்தைச் சுரண்டியும் கம்பெனி கடனில் மூழ்கியிருந்தது. 1770ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் வங்கத்தைச் சூறையாடியிருந்தது. விற்காத தேயிலை லண்டன் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் கைதூக்கிவிட 1773இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடன் கொடுத்தது. கம்பெனி தன் தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்க வழிசெய்த தேயிலைச் சட்டத்தையும் இயற்றியது. கம்பெனியின் ஆட்சியைத் தன் கண்காணிப்பில் கொண்டுவர ஒழுங்குமுறைச் சட்டத்தையும் அதே ஆண்டில் இயற்றியது. நாம் ஒழுங்குமுறைச் சட்டத்தை இந்திய வரலாற்றில் ஒரு வகுப்பிலும், தேயிலைச் சட்டத்தை உலக வரலாற்றில் இன்னொரு வகுப்பிலும் நடத்துகிறோம். இரண்டும் ஒரே நெருக்கடியிலிருந்து, ஒரே ஆண்டில் பிறந்தவை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

இதே தேயிலைச் சட்டத்தில் இன்னொரு புதிர் உண்டு. அந்தச் சட்டம் தேயிலையின் விலையை ஏற்றவில்லை, குறைத்தது. பிரிட்டனில் செலுத்திய தீர்வை கம்பெனிக்குத் திருப்பித் தரப்பட்டது. அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றங்களில் வாங்கப்பட்டுவந்த பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் நீடித்தது. மலிவாகக் கிடைத்த பண்டத்தை மக்கள் ஏன் கடலில் கொட்டினார்கள்? பாடநூல் சொல்லும் ‘பிரதிநிதித்துவம் இல்லையேல் வரி இல்லை’ என்ற விடை சரியானதே. ஆனால் பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் இந்தப் புதிரை நான் வகுப்பில் வைத்தபோது, மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், “கம்பெனியே நேரா வந்து ஏஜென்ட் வச்சு வித்தா, ஊர்க் கடைக்காரங்க என்ன பண்ணுவாங்க டீச்சர்?” என்று கேட்டான். பாஸ்டன் வணிகர்களின் அச்சத்தில் பாதி அதுதான். வணிகம் செய்து வாழ்ந்த மண் இது; கொள்முதல், தரகு, முகவர், கடன், வட்டி என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. புதிரை அவர்கள் முன் வைக்கத்தான் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 29 ஆண்டுகளில் நான் அதை ஒரே ஒரு முறைதான் வைத்தேன் என்பதை இன்று நினைத்தாலும் மனம் வருந்துகிறது.

பயிற்சியே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. பணியிடைப் பயிற்சிகளுக்கு நானும் பலமுறை போயிருக்கிறேன். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, கருத்தாளரின் பவர்பாயிண்ட், தேநீர் இடைவேளை, குழுச் செயல்பாடு என்ற பெயரில் ஒரு சார்ட் தாள், மாலையில் மீண்டும் கையெழுத்து என்று அவை முடிந்தன. ஒருமுறை உலக வரலாறு என்று தலைப்பிட்டிருந்த ஓர் அமர்வில், பாடநூலில் உள்ள பத்திகளையே திரையில் ஏற்றி வாசித்தார்கள். கருத்தாளர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களும் நம்மைப் போன்ற ஆசிரியர்களே, அவர்கள் கையிலும் வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை. மேலும், சமூக அறிவியல் ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் புவியியல் படித்து வந்தவர்கள். பருவக்காற்றை நடத்த நான் தடுமாறியது போலவே அவர்கள் பாஸ்டனை நடத்தத் தடுமாறுகிறார்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட இப்பாடத்துக்குக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் இதே பாடத்துக்காக ஆசிரியர்களை எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதை நாம் பார்க்கலாம். விர்ஜினியாவில் குடியேற்றக் காலத் தலைநகராக இருந்த வில்லியம்ஸ்பர்க் ஊரிலும், வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் இல்லத்திலும் பள்ளி ஆசிரியர்கள் சில நாட்கள் தங்கிப் பயில்கிறார்கள். காங்கிரஸ் நூலகமும் தேசிய ஆவணக்காப்பகமும் மூல ஆவணங்களின் படிகளை வகுப்பறைக்கு ஏற்றவாறு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அங்கே பயிற்சி என்றால் ஆவணத்தை முன்னே வைத்துக்கொண்டு, இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதற்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்டுப் பழகுவது. அந்தப் பணமும் கட்டடங்களும் நம்மிடம் இல்லை, உண்மைதான். ஆனால் ஆவணத்தை முன்னே வைத்துக் கேள்வி கேட்பதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை.

அது மட்டுமன்று. அமெரிக்க ஆசிரியருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு சிவகங்கைச் சீமையில் இருந்து கற்பிக்கும் ஆசிரியருக்கு இருக்கிறது. 1772இல் காளையார்கோவிலில் கம்பெனிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் சேர்ந்து மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றதும், வேலு நாச்சியார் விருப்பாச்சியில் தஞ்சம் புகுந்ததும் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். 1780இல் ஹைதர் அலியின் துணையோடு அவர் சிவகங்கையை மீட்டதும் தெரியும். ஹைதர் அலி அந்த ஆண்டில் ஏன் கர்நாடகத்தின் மீது, அதாவது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதியின் மீது, படையெடுத்தார் என்று கேட்டால் விடை அமெரிக்கா வரை போகிறது. 1777இல் சாரடோகாவில் ஆங்கிலப் படை சரணடைந்தது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதனால் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் போர் மூண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தனர். அடுத்த ஆண்டு, ஹைதர் அலிக்கு வெடிமருந்தும் துப்பாக்கிகளும் வந்து இறங்கிய மாஹே துறைமுகத்தையும் பிடித்தனர். அவர் வெகுண்டெழுந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனிப் படை அவரிடம் அடைந்த தோல்வியின் செய்தி அட்லாண்டிக் கடலையும் கடந்தது. பென்சில்வேனியா அரசு தன் வணிகத்தைக் காக்க ஆயுதம் பூட்டி அனுப்பிய ஒரு கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்று பெயர். 1782 ஏப்ரல் 8ஆம் நாள் டெலாவேர் வளைகுடாவில் ஜோஷுவா பார்னி என்ற தளபதியின் கீழ் அது ‘ஜெனரல் மங்க்’ என்ற ஆங்கிலக் கப்பலை வென்று கைப்பற்றியது. வேலு நாச்சியாருக்குத் துணை நின்றவரின் பெயரைத் தாங்கி ஒரு கப்பல் பிலடெல்பியாவிலிருந்து புறப்பட்டது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுவதும் நம் கடற்கரையில் நடந்ததே. 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தனர். அம்மாதம் 20ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனின் கடற்படையும் ஆங்கிலக் கடற்படையும் கடலூருக்கு அப்பால் மோதின. ஐரோப்பாவில் அமைதி உடன்பாட்டுக்கான முதல் கையெழுத்துகள் விழுந்து மாதங்கள் ஆகியும் செய்தி வந்து சேராததால் நடந்த சண்டை அது. செய்தி வந்த பிறகே முற்றுகை ஓய்ந்தது. 1781 அக்டோபர் 19ஆம் நாள் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் படையைச் சரணடைய விட்ட காரன்வாலிஸ் பிரபு, ஐந்தே ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கித் திப்பு சுல்தானோடு போரிட்டார். இவரும் அவரும் ஒருவரே என்பதைப் பட்டப்படிப்பு முடித்த ஆசிரியர்களே வியப்போடு கேட்பதை நான் கண்டிருக்கிறேன். அது அவர்கள் தவறன்று. நம் பாடத்திட்டம் உலகை ஒரு பெட்டியிலும் இந்தியாவை இன்னொரு பெட்டியிலும் பூட்டி வைத்திருக்கிறது.

ஆவணங்களுக்கு வருகிறேன். அமெரிக்க விடுதலை அறிக்கையின் தொடக்க வரிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் பெரும்பகுதியோ மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீதான குற்றப்பட்டியல். 27 குற்றச்சாட்டுகள் என்று எண்ணுவது வழக்கம். எங்கள் இசைவின்றி வரி விதித்தார், எங்கள் வணிகத்தைத் துண்டித்தார், எங்களிடையே படைகளைக் கொண்டுவந்து தங்க வைத்தார் என்று அது நீள்கிறது. அதற்குப் பக்கத்தில், 25 ஆண்டுகள் கழித்து 1801 ஜூன் 16ஆம் நாளிட்டுத் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிவிப்பை வையுங்கள். நவாபு முகமது அலியின் அறியாமையால் அந்நியர் நாட்டைத் தமதாக்கிக்கொண்டதையும், மக்கள் வறுமையில் வாடுவதையும் சொல்லி, எல்லாச் சாதியினரும் ஒன்றுபட்டு எழ வேண்டும் என்று அது அழைக்கிறது. இரண்டும் ஒரே அரசின் அதிகாரத்துக்கு எதிரானவை. ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கூடி விவாதித்து, திருத்தி, அன்றிரவே அச்சுக்கு அனுப்பி, உலகத்தின் முன் முறையிட்டது. மற்றொன்று சொந்த மக்களை நோக்கிக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியது. ஒன்றில் கையெழுத்திட்டவர்களில் இருவர் பின்னாளில் குடியரசுத் தலைவர்கள் ஆனார்கள். மற்றொன்றை வெளியிட்டவர் தம் அண்ணனோடு அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். முன்னது வென்றதும் பின்னது தோற்றதும் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தூரம், பிரான்ஸின் துணை, ஆங்கிலேயருக்கு உடனிருந்து உதவிய நம்மவர்கள் என்று பல விடைகள் வரும். அந்த உரையாடலை நடத்தத்தான் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு. “எல்லாரும் சமம்னு எழுதினவரே அடிமை வச்சிருந்தாரா?” என்று பிள்ளைகள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அறிக்கையின் வரைவை எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடி அவர் வரைவில் எழுதிய பகுதியைக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் அவை நீக்கிவிட்டது. விர்ஜினியாவின் ஆங்கில ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் மன்னரின் படையில் சேர்ந்தால் விடுதலை தருவதாக 1775 நவம்பரில் அறிவித்தார். அப்படியானால் அந்த அடிமைகளுக்கு விடுதலை எந்தப் பக்கம் இருந்தது? குற்றப்பட்டியலின் கடைசி வரி அந்த மண்ணின் தொல்குடி மக்களை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று சொல்கிறது. அவர்களை ‘இந்தியர்’ என்றே அறிக்கை குறிப்பிடுவதால், நம் வகுப்பில் அதைப் படிக்கும் பிள்ளை முதலில் குழம்பவும் செய்யும். இந்தக் கேள்விகளைக் கண்டு ஒதுங்கிப் போகும் ஆசிரியர்களை நான் அறிவேன்; நானும் பல ஆண்டுகள் ஒதுங்கியவள்தான். காரணம் அமெரிக்கா அன்று. சமத்துவம் என்று எழுதிவிட்டு அதை எல்லோருக்கும் தராத சமூகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், 1930இல் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் என்ன உடுத்தலாம், என்ன நகை அணியலாம் என்று விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளைப் பற்றியும் பேச வேண்டி வரும். வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரையும் புண்படுத்தாமல், எதையும் மறைக்காமல் அதைப் பேசுவது ஒரு திறமை. அது தானாக வராது, சக ஆசிரியர்களோடு பேசிப் பழகினால்தான் வரும்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவுமன்று. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வழியாகச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி போதும். முதல் நாள் முழுவதும் ஆவணங்களைப் படிக்க வேண்டும், பவர்பாயிண்ட் வேண்டாம். அதற்கு முன், அந்த ஆவணங்கள் நல்ல தமிழில் வேண்டும். விடுதலை அறிக்கை முழுவதும், நீக்கப்பட்ட அடிமை வணிகப் பகுதி, புதிய சட்டங்களில் பெண்களை மறவாதீர்கள் என்று 1776 மார்ச்சில் அபிகேல் ஆடம்ஸ் அந்த அவையில் பிரதிநிதியாக இருந்த தம் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதம், கம்பெனி வங்கத்தில் நடத்திய கொடுமைகளைச் சுட்டிக்காட்டி, அதனிடமிருந்து எச்சரிக்கையாக இருக்கும்படி 1773இல் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான ஜான் டிக்கின்சன் தம் நாட்டவருக்கு எழுதிய கடிதம், மருதுவின் அறிவிப்பு ஆகியவற்றைப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் சிறு தொகுப்பாக மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வெளியிட்டால், ஆங்கிலம் கைவராத கிராமத்து ஆசிரியரும் தயங்காமல் கையில் எடுப்பார். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கின் உரைகளிலிருந்தும் ஓரிரு பகுதிகளைச் சேர்க்கலாம். 1775இல் அமெரிக்கர்களோடு இணக்கம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் வாதாடிய அதே மனிதர், 1785இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிய உரையில், முன்னோர் நமக்காக வெட்டி வைத்த ஏரிகளைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசியிருக்கிறார் என்பதைக் கண்மாய்க் கரையில் வளர்ந்த பிள்ளைகள் அறிய வேண்டும்.

இரண்டாம் நாள் காளையார்கோவிலுக்கும் திருப்பத்தூருக்கும் போய்வரலாம். நமக்கு இரண்டும் பக்கத்து ஊர்கள். மூன்றாம் நாள் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு பாடவேளைக்கான திட்டத்தை எழுதிச் சக ஆசிரியர்கள் முன் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து, வகுப்பில் நடத்திய பின் பிள்ளைகள் எழுதிய தாள்களோடு அதே ஆசிரியர்கள் அரை நாள் மீண்டும் கூட வேண்டும். நான் போன பயிற்சி எதிலும் இந்தக் கடைசிப் பகுதி இருந்ததில்லை. அது இல்லாவிட்டால் மற்றவை வீண்.

ஆவணம் படிக்கும் பழக்கத்தைத் தொடங்க அமெரிக்கா வரைகூடப் போக வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இசைகுடிமானங்கள் எனப்படும் பழைய திருமண ஒப்பந்தங்கள், மொய்ப்பண ஏடுகள், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், கணக்குப் பேரேடுகள் இன்னும் பெட்டகங்களில் கிடக்கின்றன. மற்ற வீடுகளில் ஒரு நிலப்பத்திரமாவது, ரேஷன் அட்டையாவது இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்களும் தாள்களும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. தாளின் மதிப்பு தெரிந்த ஊர் இது. வீட்டிலிருந்து ஒரு பழைய தாளைக் கொண்டுவரச் சொல்லி, எழுதியவர் யார், யாருக்கு, எதற்காக, எதைச் சொல்லாமல் விட்டார் என்ற அந்த நான்கு கேள்விகளை அதன் மேல் கேட்டுவிட்டு, மறுநாள் விடுதலை அறிக்கையைக் கையில் கொடுங்கள் என்று இளம் ஆசிரியர்களிடம் சொல்லி வருகிறேன். என் முன்னாள் மாணவி ஒருவர் தம் பள்ளியில் இவ்வாறு செய்திருக்கிறார். பிள்ளைகள் தாத்தாவின் கடிதத்தில் கேட்ட அதே கேள்வியை ஜெஃபர்சனிடமும் கேட்டார்கள் என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

விடுதலை அறிக்கையின் குற்றப்பட்டியலையும் அபிகேல் ஆடம்ஸின் கடிதத்தையும் என்னால் இயன்ற தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கல்வித்துறையோ, அழகப்பா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையோ, எந்த ஆசிரியர் குழுவோ கேட்டால் திருத்திப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுப்பேன். பயிற்சி காரைக்குடியில் நடக்குமானால் மூன்று நாளும் வந்து உட்காரவும், கேட்டால் உதவவும் அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்